சடைச்சி பூசிய காப்பி மண்டி

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசி, வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கருமந்திகள் கருப்பாக இல்லை. சிரிக்காதீர்கள், சத்தியமாக இல்லை! உடம்பு அடுப்புச் சாம்பல் நிறம், தலை காய்ந்த வைக்கோல் நிறம். அந்த அழகுக்கே அவர்களுக்கு இருந்த திமிர் இருக்கிறதே, அப்பப்பா!

மலை மேலே இருக்கும் சோலைதான் அவர்கள் வீடு. கீழே சரிவு முழுக்கக் காப்பிக்காடு. தினமும் உச்சிப்பொழுதில் மந்திகள் ஒரு பெரிய பலாமரக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். நமக்கு அது சின்ன விஷயம். அவர்களுக்கு உறவு, சண்டை, சமாதானம் எல்லாமே அதுதான். முதுகில் ஒரு கை பட்டால் ‘நீ எங்களவள்’ என்று அர்த்தம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரு கைகூடப் படாத மந்தி சோலையை விட்டுப் போய்விட வேண்டும். தனியாகப் போகிற மந்தியைச் சிறுத்தை சும்மா விடுமா? இப்படி ஒரு சட்டம்! எந்தப் படுபாவி போட்டானோ தெரியாது.

அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவள் சடைச்சி. கைக்குழந்தைக்காரி. அந்த வருஷம் விடாமல் பெய்த மழையில் நனைந்து நனைந்து, அவள் ரோமம் சடை பிடித்து, தேங்காய் நார் போலாகிவிட்டது. பிடி பிடியாக உதிர்ந்தது. சொறிந்தால் தவிடு கொட்டுவது போலப் பொடுகு கொட்டியது. கூட்டத்திலேயே தன்னை மிஞ்சின அழகி இல்லை என்று நினைத்திருந்த மினுக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அய்ய, தள்ளிப் போ! உன் பொடுகு என் மேல விழுது.”

“மினுக்கி, நீ பிள்ளை பெத்தப்போ பத்து நாள் உனக்குப் பேன் பார்த்தது யாரு? நான்தானே?”

“அதுக்கு? இப்போ நான் சொறி பிடிச்சுச் சாகணுமா?”

முதல் நாள் சடைச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு கையும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. கூட்டத்துத் தலைவன் தடியன் தொண்டையைக் கனைத்தான்.

“நாளைக்கு உச்சிப்பொழுதுதான் கெடு. எனக்கு மட்டும் ஆசையா, சொல்லு? சட்டம் சட்டம்தான்.”

சடைச்சி குட்டியைப் பார்த்தாள். தான் போனால்கூடப் பரவாயில்லை. மடியில் கிடக்கும் பிஞ்சு என்ன பாவம் செய்தது?

மறுநாள் விடிந்ததும் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ‘யானை சேற்றை வாரிப் பூசிக்கொள்கிறது. பன்றி சேற்றிலேயே புரளுகிறது. அதுகளுக்குச் சொறியும் இல்லை, அரிப்பும் இல்லை. நானும் புரண்டு பார்த்தால் என்ன?’ என்பது அவள் யோசனை. அந்த நேரம் பார்த்து மழை ஓய்ந்து மண் காய்ந்திருந்தது; சேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. காப்பிக்காட்டு ஓரத்தில் ஒரு குடிசை. அதன் பின்னால் ஒரு சின்னக் குழி. குழி நிறையக் கன்னங்கரேலென்று, பொலபொலவென்று, இளஞ்சூடாக ஏதோ கிடந்தது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை.

“ஆகா, எவ்வளவு நல்ல சேறு!” என்றாள் சடைச்சி.

சேறாவது! குடிசைக்காரி மாராயி, பழம் பறிக்க வருகிறவர்களுக்குக் காலையில் பெரிய பானை நிறையக் கடுங்காப்பி காய்ச்சுவாள். வடித்த பிறகு அடியில் தங்கும் மண்டியைக் கொண்டுவந்து இங்கே கொட்டுவாள். காப்பி காய்ச்சுவதையே அறியாத மந்திக்கு மண்டி எது, மண் எது என்று எப்படித் தெரியும்?

குட்டியைக் கிளையில் உட்காரவைத்துவிட்டு, சடைச்சி இரண்டு கையாலும் அள்ளினாள். முதுகு, வயிறு, கை, கால், வால் எல்லாம் தேய்தேய் என்று தேய்த்தாள். அந்த இளஞ்சூடு இதமாக இருந்தது. எத்தனையோ நாள் அரிப்பு அப்படியே அடங்கியது. குழி காலியாகி, கடைசியில் ஒரே ஒரு பிடிதான் மிச்சம். அது தலைக்கு என்று அள்ளிய நேரத்தில் முதுகில் சுளீரென்று ஒன்று விழுந்தது. விளக்குமாறு!

“என் குப்பைக்குழியில உனக்கு என்னடி வேலை?” கத்தினாள் மாராயி.

“அடிக்காதே தாயி! கொஞ்சம் சேறுதானே எடுத்தேன்?”

“சேறா?” மாராயி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அட கூறுகெட்டவளே, அது காப்பி மண்டிடி! அதைப் போய் யாராச்சும் உடம்புல பூசுவாங்களா?”

சடைச்சி சிரிக்கவில்லை. உதிர்ந்த ரோமத்தையும், இரண்டு நாளாக ஒரு கையும் படாததையும், இன்றைய கெடுவையும் அழுதுகொண்டே சொன்னாள். கேட்கக் கேட்க மாராயியின் சிரிப்பு நின்றது. தலையில் எப்போதும் இறுக்கிக் கட்டியிருக்கும் துணியை மெல்ல அவிழ்த்தாள். உள்ளே முடி எலிவால் போலத் தொங்கியது. வகிடு முழுக்கப் பொடுகு.

“எனக்கும் அதே கதிதான்டி. ஊர்ப் பொங்கலுக்குப் போய் மூணு வருஷமாச்சு. என் நாத்தனார் எனக்குப் பின்னால உட்காரவே மாட்டேங்கிறா. தலைவாரி விடுன்னு யாரைக் கேக்குறது?”

சடைச்சி வெயிலைப் பார்த்தாள். நேரம் ஏறிக்கொண்டிருந்தது. கையில் இருந்தது ஒரே பிடி. அவள் தலை இன்னும் வைக்கோலாகவே இருந்தது. அதைத் தா என்று மாராயி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சடைச்சி யோசித்திருப்பாளோ என்னவோ.

“உட்காரு தாயி,” என்றாள் சடைச்சி.

மாராயி உட்கார்ந்தாள். சடைச்சி அவள் பின்னால் குந்தி, முதலில் பேன் பார்த்தாள். பிறகு சிக்கெடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடைசிப் பிடி மண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையில் வைத்து, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்தாள். மாராயி தேம்பித் தேம்பி அழுதாள். வலித்து அல்ல, மூன்று வருஷத்தில் அவள் தலையைத் தொட்ட முதல் கை அது.

பிறகு இரண்டு பேரும் ஓடையில் இறங்கினார்கள். மாராயி குடம் குடமாக மொண்டு சடைச்சிக்கு ஊற்றினாள். கரைசல் ஓடியது, பொடுகு ஓடியது, உதிர வேண்டிய ரோமமெல்லாம் ஓடியது. வெயிலில் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு எழுந்தாள் சடைச்சி.

“அடி ஆத்தாடி!” மாராயி வாயில் கை வைத்தாள்.

நாவல் பழக் கருப்பு. பளபளவென்று எண்ணெய் தடவினது போல மினுமினுத்தது. தலை மட்டும் பழைய வைக்கோல் நிறம். ஆனால் அந்தக் கருப்புக்கு மேலே அது இப்போது பொன் வைத்தது போல் இருந்தது. மாராயியின் கூந்தலும் நெளிந்து, கருகருவென்று தோளில் விழுந்தது.

“போடி, ஓடு! கெடு முடியப் போகுது!” என்று துரத்தினாள் மாராயி. சடைச்சி கிளையிலிருந்த குட்டியை வாரி அணைத்துக்கொண்டு ஓடினாள்.

பலாக்கிளையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சடைச்சி தாவி வந்து நடுவில் நின்றதும் கிளையே கிடுகிடுத்தது.

“யாரு இந்த மகாராணி? எந்தச் சோலை?” என்று தடியன் எழுந்து நின்றான்.

சடைச்சி நேற்று உட்கார்ந்த அதே இடத்தில், அதே போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் குட்டி வீரிட்டது. அந்தக் குரலை அறியாதவர் யார்?

“சடைச்சியா!” என்றாள் மினுக்கி. அடுத்த நொடி அவள் கை சடைச்சியின் முதுகில் இருந்தது. பிறகு தடியன் கை, அவன் அம்மா கை, அத்தை கை. இடம் கிடைக்காமல் இரண்டு கிழடுகள் கடித்துக்கொண்டன. கெடு முடிவதற்குள் பதினாறு கை!

“என்ன பூசினே? சொல்லுடி, என் தங்கமில்ல!” மினுக்கி கெஞ்சினாள்.

சடைச்சி நிதானமாகத் திரும்பினாள். “சொல்றேன். ஆனா முதல்ல அந்த மூணு நாள் சட்டத்தை எடுக்கணும். இனிமே சொறி பிடிச்சவளானாலும், புண்ணு பிடிச்சவளானாலும், முதுகைக் காட்டி உட்கார்ந்தா கை வைக்கணும். தலைவர் என்ன சொல்றார்?”

தடியன் அசடு வழிந்தான். கூட்டம் முழுக்க அவனையே முறைத்தது. “எடுத்தாச்சு, எடுத்தாச்சு!” என்றான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சோலையே சரிந்து கீழே இறங்கியது. மாராயி அவிழ்த்த கூந்தலோடு நின்று பானை பானையாகக் காய்ச்சினாள். மந்திகள் மண்டியை ஒருவர் முதுகில் ஒருவர் அப்பிக்கொண்டன. தலையில் மட்டும் ஒருத்தியும் பூசவில்லை. மினுக்கி கறாராகச் சொல்லிவிட்டாள்: “சடைச்சி தலையைப் பாருங்கடி. அவ அங்க பூசலையே! அதுதான் அழகு.” மண்டி தீர்ந்துபோன கதையைச் சடைச்சி கடைசிவரை சொல்லவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருஷம் ஊர்ப் பொங்கலுக்கு மாராயி துணி கட்டாமல், கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு போனாள். நாத்தனார் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். “மந்தி வைத்தியம்” என்றாள் மாராயி, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி.

அதற்குப் பிறகுதான் கருமந்திக்கு உடம்பு கருத்து, தலை மட்டும் பொன்னாக நின்றது. அந்த மலைப் பெண்கள் காப்பி மண்டியைக் குப்பையில் கொட்டாமல் தலைக்கு வைத்துக் குளிப்பதும் அப்போதிருந்துதான். ஆனால் ஒருத்திகூடத் தன் தலையில் தானே பூசிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டில் யாருக்கு முடி கொட்டுகிறதோ, யாரைத் தொட மற்றவர்கள் கூசுகிறார்களோ, அவளைக் கூப்பிட்டு முதலில் அவளுக்குப் பூசிவிட்டு, பிறகு அவள் கையால்தான் தனக்குப் பூசிக்கொள்கிறார்கள்.