வீரசிங்கராயரும் யானை வாலும்

அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையை மழித்துவிடுங்கள்!

முன்னொரு காலத்தில் செம்பனூரை வீரசிங்கராயர் ஆண்டார். அவர் எதிரே யாரும் அசையக்கூடாது. அது அரண்மனை வழக்கம். ஒருநாள் யானைக் கொட்டிலுக்கு வந்தார். இலை அசங்காத புழுக்கம்.

"பார்த்தீர்களா மன்னா, தென்னைகூடத் தங்கள்முன் அடங்கி நிற்கிறது!" என்றார் அரண்மனை அலுவல்களைக் கவனிக்கும் காரியக்காரர் திருமேனிநாதர்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அப்போது பார்த்து, யானை பொன்னாத்தாளின் வால் இப்படியும் அப்படியும் ஆடியது.

"தென்னையே நிற்கிறது. இந்த வால் யாரைக் கேட்டு ஆடுகிறது?" என்றார் ராஜா.

ராஜா தன் கையால் பொன்னாத்தாளுக்குக் கரும்பு ஊட்டுவது காரியக்காரருக்கு நெடுநாள் எரிச்சல். "திமிர், மன்னா! காட்டுக்கு விரட்டுங்கள்."

"ஆகட்டும்!" என்றுவிட்டார் ராஜா.

குட்டியிலிருந்து பொன்னாத்தாளைத் தன் மகளாக வளர்த்த பாகன் மனைவி வெள்ளைச்சிக்கு நெஞ்சு பதறியது. ஆனால் வாய் பதறவில்லை.

"சாமி, காரியக்காரரு இவ பக்கத்துல ஒரு நாழிகை நிக்கட்டும். மேல்துணி இல்லாம, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. அசையாம நின்னுட்டா, நானே இவளைக் காட்டுல விட்டுட்டு வரேன்."

"பூ, இவ்வளவுதானா!" என்று அங்கவஸ்திரத்தை வீசிவிட்டு வந்து நின்றார் அவர்.

பொன்னாத்தாள் வாலை வீசினாள். அவள் முதுகிலிருந்து கிளம்பிய ஈயும் கொசுவும் நேராகக் காரியக்காரர் முதுகில் குடியேறின. முதலில் தோள் துடித்தது. பிறகு இடுப்பு நெளிந்தது. கடைசியில் ஆடிக்காற்றில் சிக்கிய பனைமரம்போல மனிதர் ஆடோ ஆடென்று ஆடினார்.

"காற்றே இல்லையே ஓய், இந்த மரம் ஏன் ஆடுகிறது?" என்றார் ராஜா.

"கடிக்குது மன்னா! ஐயோ, எனக்கும் ஒரு வால் இருந்தா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மரத்தைக் காத்து ஆட்டும் சாமி. இவ வாலை ஆட்டித் தனக்குத்தானே காத்து உண்டாக்கிக்கிறா. பின்னால வந்து பாருங்க" என்றாள் வெள்ளைச்சி.

ராஜா போய் நின்றார். ஜிலுஜிலுவென்று காற்று முகத்தில் பட்டது!

பொன்னாத்தாளுக்கு ஒரு கரும்புத் தோட்டம், வெள்ளைச்சிக்குத் தங்கக் காப்பு. காரியக்காரருக்குக் கோடை முடியும்வரை யானைக்கு விசிறும் வேலை. பாவம், அவர் முதுகுக்கு வேப்பிலை அரைத்துப் பூசியவளும் வெள்ளைச்சிதான்.

ராஜாவுக்கு அந்தக் காற்று பிடித்துப்போனது. மறுநாளே வாலுக்கு நேர் கீழே கட்டில் போட்டுப் படுத்தார். பொன்னாத்தாளோ முதல்நாள்தான் அரைத் தோட்டம் கரும்பு தின்றிருந்தாள். வாலை உயரத் தூக்கினாள்...

ராஜா ஏன் அன்றைக்கு மூன்று முறை குளித்தார் என்று யாராவது கேட்டால், என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்!