ஒரு கரண்டிப் பால்

அந்த ஆய்வகத்தில் குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்து நான்கு. குருவின் பெயர் ரெஜினா. சீடர் சங்கரநயினார், வேதியியல் நடத்திய கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தவர். அவர் ரெஜினாவை மேடம் என்பார். ரெஜினா அவரை சார் என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

விடுப்புக்குக் காரணம் அவர் மனைவி கோமு. கோமுவின் மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிய ஆரம்பித்திருந்தது. புரதம் என்பது நீளமான சங்கிலி. சரியாக மடிந்தால்தான் அதற்கு வேலை செய்யத் தெரியும். கோமுவின் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கூடவில்லை, குறையவில்லை. மடிப்பு மட்டும் மாறியிருந்தது. மாறிய ஒன்று, பக்கத்தில் இருக்கும் நல்லதைத் தொட்டு, அதையும் தன்னைப் போலவே மடக்கிவிடும். ஆறு மாதம் என்றார்கள் மருத்துவர்கள். அதில் நாலு போய்விட்டது.

நல்ல புரதத்தை நிறையச் சேர்த்தால் கெட்டது திருந்திவிடாதா என்பதுதான் சங்கரநயினாரின் ஆசை. மூன்று மாதம் பாடுபட்டு நல்லதைச் சுத்தம் செய்து பன்னிரண்டு குழாய்களில் வைத்திருந்தார். அன்று பார்த்தால் பன்னிரண்டும் கலங்கிக் கிடந்தன. கெட்டதைத் தொட்ட உறிஞ்சுகுழலை, கல்லூரிப் பழக்கத்தில் கழுவிவிட்டு, நல்லதில் விட்டிருக்கிறார். இந்தப் புரதம் கழுவினால் போகாது என்று ரெஜினா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு சந்தேகம், மேடம். கெட்டது தொட்டா நல்லது கெட்டுப்போகுது. நல்லது தொட்டா கெட்டது ஏன் திருந்த மாட்டேங்குது?"

ரெஜினா அவரை டீ போடுகிற அறைக்கு அழைத்துப் போனார். ஒரு டம்ளர் பாலில் ஒரு கரண்டித் தயிர் விட்டார். ஒரு டம்ளர் தயிரில் ஒரு கரண்டிப் பால் விட்டார். இரண்டையும் மூடிவைத்து, சாயங்காலம் வரச் சொன்னார்.

சாயங்காலம் திறந்தபோது இரண்டும் தயிராக இருந்தன.

சங்கரநயினார் இரண்டு டம்ளரையும் சாய்த்துப் பார்த்தார். பிறகு, தயிரில் வேலை செய்வது கிருமி, இது வேறு விஷயம் என்றார். வாத்தியார் அல்லவா, லேசில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வேறுதான் என்று ரெஜினாவும் ஒத்துக்கொண்டார். போகிற திசைதான் ஒன்று என்றார்.

"அப்ப வழியே இல்லையா?"

"இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சு இல்ல, சார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமலே அழுதார். அழுது முடித்ததும், பன்னிரண்டு குழாயையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றார். வழக்கம்போல நாளைக்கும் ஆறு மணிக்கெல்லாம் வந்து கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னார்.

ரெஜினா இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தினார்.

"கோமு அக்காவுக்கு உங்கள அடையாளம் தெரியுதா, சார்?"

"காலைல கொஞ்ச நேரம் தெளிவா இருக்காளாம், ஏழு மணிவாக்குல. உங்கப்பா எங்கன்னு மககிட்ட கேக்காளாம். மகதான் சொன்னா."

"நாளைக்குக் காலைல இங்க வராதீங்க, சார்."