நாலு ஊருக்குக் கேட்ட தவில்

பேந்தமங்கலம் என்று ஒரு ஊர். எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் வழி சொல்ல வந்துவிடுவார்கள். அவர்கள் வழி சொன்னால் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்தாற்போலத்தான்.

அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன், "நான் வந்தப்புறந்தான் தாலி கட்டணும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனான். போன இடத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் வேஷம் கிடைத்தது. அப்படியே கம்பி நீட்டிவிட்டான். அடுத்த அறுவடைக்குத் திரும்பி வந்து பார்த்தால், மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி மணையில் உட்கார்ந்திருக்கிறான். ஐயருக்குத் தொண்டை கட்டி, மந்திரத்தை ஜாடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஏன் மாமா, கடையில கூட்டமா?" என்று மட்டும் கேட்டானாம் மாப்பிள்ளை. தங்கமான பையன்.

இந்த ஊரில்தான் சடையப்பன், மயில்வாகனம், அப்பாவு என்று மூன்று அண்ணன் தம்பிகள் மேளம் செய்துகொண்டிருந்தார்கள். மூத்தவன் சடையப்பனுக்கு முடிவு சொல்லும் வேலை. நடுவுள்ளவன் மயில்வாகனத்துக்கு யோசிக்கும் வேலை. கடைசித் தம்பி அப்பாவுக்கு ஓடும் வேலை. அப்புறம் மேளத்தை யார்தான் செய்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேளம் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது.

இவர்களிடம் போய் வேலங்காட்டுத் தவில்காரர் சட்டநாதர் மாட்டிக்கொண்டார். பாவம், நல்ல மனுஷர். கையில் அப்படி ஒரு வேகம். ஆனால் அது மைக் செட் எல்லாம் வராத காலம். வேலங்காட்டுத் தேரோ மலை மாதிரி இருக்கும். தேருக்குப் பின்னால் சக்கரத்துக்கு நெம்புகட்டை போடுகிற ஆட்களுக்குத் தவில் சத்தம் காதில் விழ வேண்டும். விழுந்தால்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் நெம்புவார்கள். போன வருஷம் விழவில்லை. ஆளுக்கொரு பக்கம் நெம்பினார்கள். தேர் தெற்கு வீதி முனையில் வாழைக்காய் மண்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டது. சாமி வாழைத்தார்களைப் பார்த்தபடி நாள்கணக்கில் தரிசனம் கொடுத்தார்.

கோயில் தர்மகர்த்தா வேதாசலம் பிள்ளை சட்டநாதரைக் கூப்பிட்டார். பிள்ளைவாள் பெருத்த சரீரம். ஒரு வார்த்தை பேசினால் வயிறு இரண்டு தடவை குலுங்கும்.

"சட்டநாதா, இந்த வருஷமும் பின்னாடி இருக்கிறவனுக்குக் கேக்கலேன்னா, அடுத்த வருஷம் தேருக்கு முன்னாடி பாண்டு வாத்தியம்தான். நீ தவிலைக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்துக்க."

பாட்டன் வாசித்த வாசல், அப்பன் வாசித்த வாசல் அது. தன் காலத்தில் அங்கே சட்டை போட்டவன் வந்து பீப்பீ ஊதுவதா? சட்டநாதருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல கனமான சத்தத்தோடு புதுத் தவில் ஒன்று செய்துகொள்ள ஊர் ஊராய் அலைந்தார். மேளம் செய்கிற ஒவ்வொருவனும் அவருக்கே பாடம் எடுத்தான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் செய்றதை வாங்கிட்டுப் போங்க" என்றான். அவர் நொந்துபோய்ச் சாலையோரம் நின்று, "சொன்னதைச் சொன்னபடி செய்ய இந்தச் சீமையில ஒருத்தன் இல்லையா?" என்று வாய்விட்டுக் கத்தினார். போகிற வழியில் யாரோ ஒரு புண்ணியவான் பேந்தமங்கலத்துக்குக் கையைக் காட்டிவிட்டான். அவன் நன்றாக இருக்கட்டும்.

மூன்று பேரும் அவரைப் பாயில் உட்காரவைத்து எதிரே கைகட்டி நின்றார்கள். சட்டநாதருக்கு உச்சி குளிர்ந்தது.

"தம்பிகளா, நல்லா கேட்டுக்குங்க. நல்லா முத்தின பலா மரமா இருக்கணும். உள்பக்கம் குடையுறபோது பிசிறு இருக்கக் கூடாது. கைக்குழந்தை கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கணும். அடிச்சா நாலு ஊருக்குக் கேக்கணும். அவ்வளவுதான்."

"எந்த நாலு ஊருங்க?" என்றான் மயில்வாகனம்.

"எந்த ஊரா இருந்தா என்னப்பா? சுத்துப்பட்டுல நாலு ஊரு."

"சுத்துப்பட்டுல நாலு ஊரு," என்று மூவரும் சேர்ந்து சொன்னார்கள். சட்டநாதர் நிம்மதியாக ஊர் திரும்பினார்.

மறுநாளே மரம் வெட்டி வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். குடையும்போது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கையால் மரத்தைத் தடவுவது, மறு கையால் குழந்தையின் கன்னத்தைத் தடவுவது. "மரம் இன்னும் கன்னம் மாதிரி வரலைண்ணே." "இழை." மறுபடியும் தடவுவது. குழந்தைக்குப் பல் முளைத்து, கன்னம் தடவ வந்த விரலைக் கடித்தபிறகு, "இது கைக்குழந்தை இல்லை, மாத்திக் கொண்டா" என்றான் சடையப்பன். ஊரில் அப்போது வேறு பிரசவம் இல்லை. காத்திருந்தார்கள்.

ஒருவழியாகத் தவில் தயாரானது. அழகான தவில். அன்றைக்கே சட்டநாதரிடம் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நாலு ஊருக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அப்பாவுவை முதல் ஊருக்கு அனுப்பிவிட்டு, இங்கே சடையப்பன் ஓங்கி ஒரு அடி அடித்தான். பொழுது சாய்கிற நேரத்துக்கு அப்பாவு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"அண்ணே, அடிச்சீங்களா?"

"அடிச்சேனே."

"அப்ப கேக்கலை."

மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

"கோளாறு காதுலயா, தவில்லயா?" என்றான் சடையப்பன்.

மயில்வாகனம் யோசித்தான். அப்பாவுவின் காதுக்குப் பக்கத்தில் தவிலை வைத்து ஒரு அடி அடித்தான். அப்பாவு துள்ளி விழுந்தான்.

"காது நல்லாத்தான் இருக்குண்ணே. தவில்தான் சின்னது."

பெரிதாக ஒன்று செய்தார்கள். அப்பாவு ஓடினான், திரும்பி வந்தான், கேட்கவில்லை. இன்னும் பெரிதாக ஒன்று. கேட்கவில்லை. அப்பாவுவின் கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு பலா மரத்தைச் சாய்த்து, மூன்று பேரும் உள்ளே இறங்கிக் குடைந்தார்கள். அதில் ஒரு கணு உதிர்ந்து பக்கவாட்டில் ஒரு ஓட்டையும் விழுந்தது. "இருக்கட்டும், ஐயா ஓட்டை வேணாம்னு சொல்லலை" என்றான் மயில்வாகனம்.

தேரோட்டத்துக்கு முதல் நாள் காலையில் சட்டநாதர் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா இது, நெல்லு கொட்டுற குதிரா?"

"உங்க தவில்ங்க ஐயா," என்றான் சடையப்பன் அடக்கமாக.

"அட பாவிங்களா! இதை எப்படிடா தோள்ல மாட்டுறது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாட்டுறதைப் பத்தி ஐயா ஒண்ணும் சொல்லலையே," என்றான் மயில்வாகனம். "சொல்லியிருந்தா உங்க தோளையும் அளவு எடுத்திருப்போம்."

சட்டநாதர் மண்ணில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். விடிந்தால் தேர். பாட்டன் வாசித்த வாசல் போச்சு. ஆனால் அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. இதை ஒரு வண்டியில் ஏற்றித் தேருக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனால்? இவ்வளவு பெரிய பீப்பாய், பின்னால் இருக்கிறவனுக்குக் கேட்காமலா போகும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு பக்கம்தான் தோல் கட்டியிருந்தது. மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஏண்டா இந்தப் பக்கம் கட்டலை?"

"தட்டித் தட்டிக் கட்டத்தான் ஆரம்பிச்சோம். அந்த வழியாப் போன வளையல்காரர், 'கொஞ்சம் நிறுத்துங்கப்பா, காது அடைக்குது'ன்னாரு. நிறுத்திட்டோம்."

"எப்போ?"

"போன மாசம்."

சட்டநாதருக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ, உச்சஸ்தாயியில் கத்தினார். "இப்பவே ஆரம்பிச்சு ஒரே மூச்சில கட்டி முடிக்கணும்! எவன் வந்து நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்தக் கூடாது! ராஜாவே வந்து சொன்னாலும் நிறுத்தக் கூடாது!"

"ஐயா நீங்க வந்து சொன்னா?" என்றான் மயில்வாகனம்.

"நானே சொன்னாலும் நிறுத்தக் கூடாது!"

அவர் நாக்கில் சனி எங்கே உட்கார்ந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. "அதுக்குள்ள உள்பக்கம் வழவழன்னு இருக்கான்னு பார்த்துடறேன்" என்று குனிந்து தவிலுக்குள் நுழைந்தார்.

மூவரும் நனைத்து வைத்திருந்த தோலைத் தூக்கினார்கள்.

"அண்ணே, ஐயா உள்ள இருக்காரே," என்றான் அப்பாவு.

சடையப்பன் மயில்வாகனத்தைப் பார்த்தான். மயில்வாகனம் கண்ணை மூடி யோசித்தான்.

"உள்ள ஆள் இருந்தா கட்டக் கூடாதுன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"இப்பவே ஆரம்பிக்கணும்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்புறம் என்ன? பிடி."

தோல் விழுந்ததும் உள்ளே இருட்டிவிட்டது. "டேய்! நிறுத்துங்கடா!" என்று சத்தம் வந்தது. சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியாடா, நம்மளைச் சோதிக்கிறாரு. எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

"நிறுத்துங்கடா நாசமாப் போறவனுங்களா!"

"நிறுத்த மாட்டோம் ஐயா!" என்று மூவரும் குரல் கொடுத்து, வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினார்கள்.

கட்டி முடித்ததும் கணு விழுந்த ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. அது உருண்டு உருண்டு விழித்தது. "திறங்கடா!" என்றது உள்ளிருந்த குரல். மூன்று பேரும் தவிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"திறக்கறதுக்குக் கதவு இல்லீங்களே ஐயா. கதவு வைக்கணும்னு நீங்க முன்னாடியே சொல்லலையே," என்றான் மயில்வாகனம் வருத்தமாக. அப்புறம் ஒரு மூங்கில் குழாயை ஓட்டையில் செருகி மோர் ஊற்றினார்கள். மனிதாபிமானத்தில் பேந்தமங்கலத்தைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் மூன்று பேரும் தவிலை அப்படியே ஒரு வண்டியில் ஏற்றி வேலங்காட்டுத் தேரடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊரே கூடியிருந்தது. சட்டநாதரைத்தான் காணோம். வேதாசலம் பிள்ளை வயிறு குலுங்கக் கத்தினார்.

"எங்கேய்யா அந்த சட்டநாதன்? பயந்து ஓடிட்டானா? பாண்டுக்காரனுக்கு ஆள் அனுப்புங்க!"

இது ஓட்டை வழியாக உள்ளே போனது. வழியெல்லாம் "நிறுத்து, திற, நாசமாப் போ" என்று கத்தித் தொண்டை வற்றிப்போயிருந்த சட்டநாதருக்கு, ஓடிவிட்டான் என்ற வார்த்தை நெஞ்சில் சுரீரென்று தைத்தது. குரல் எழவில்லை. இரண்டு கையாலும் தோலை அடித்தார், இரண்டு காலாலும் உதைத்தார். அந்தக் கைக்குத் தாளம் தவறத் தெரியாது. ஆத்திரத்தில் அடித்த அடியும் தாளத்தில்தான் விழுந்தது. நாகஸ்வரக்காரர் கோவிந்தராசு திடுக்கிட்டார். இந்த நடை யாருடையது என்று அவருக்கா தெரியாது! உடனே சீவாளியை வாயில் வைத்து, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா! தேர்க்கால் அதிர்ந்தது. பின்னால் இருந்த நெம்புகட்டைக்காரர்கள் ஒரே நேரத்தில் நெம்பினார்கள். தேர் ஓடியது பாருங்கள், வாழைக்காய் மண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இடி விழுகிறதோ என்று சுத்துப்பட்டு நாலு ஊர் ஜனமும் ஓடிவந்தது. அப்பாவு ஒவ்வொருவரையும் மறித்து, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று விசாரித்து ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

தேர் நிலைக்கு வந்ததும் கோவிந்தராசு ஓடிவந்து ஓட்டையில் கண்ணை வைத்தார். உள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது.

"ஐயையோ! அண்ணன் உள்ள இருக்காரு! டேய், இந்த வாரை அவிழுங்கடா!"

மூன்று பேரும் பரபரவென்று அவிழ்த்தார்கள். ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. சட்டநாதர் உடம்பெல்லாம் மோர் வழிய வெளியே வந்து விழுந்தார். காற்று வந்ததும் குரலும் வந்தது.

"சண்டாளப் பயல்களா, இவன் சொன்னதும் அவிழ்க்கறீங்களே! நேத்துலேர்ந்து நான் கத்தினேனே!"

"நீங்க நிறுத்துன்னீங்க. திறன்னீங்க. நாசமாப் போன்னீங்க," என்றான் மயில்வாகனம். "அவிழ்ன்னு ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா."

சட்டநாதர் அடிக்கக் கை ஓங்கினார். அதற்குள் வேதாசலம் பிள்ளை வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சட்டநாதா, இனிமே பாண்டு கீண்டுன்னு எவனாவது பேசினா அவன் பல்லைத் தட்டறேன். நீ இருக்கிற வரைக்கும் இந்த வாசல் உனக்குத்தான்யா!" என்றார். ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. சட்டநாதர் சிறுபிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நாலு நாள் உள்ளே இருக்கலாம் போலிருந்தது அவருக்கு.

பிள்ளைவாள் அண்ணன் தம்பிகள் பக்கம் திரும்பினார். "பேஷ்! கோயிலுக்குன்னு என் பேர்ல ஒண்ணு செஞ்சு கொடுங்கப்பா. அச்சு அசல் இதே மாதிரி இருக்கணும். ஒண்ணையும் மாத்தக் கூடாது."

சட்டநாதர் வாயைத் திறந்தார். பிறகு, பிள்ளைவாளிடம் கேட்ட பேச்செல்லாம் ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார்.

"ஒண்ணையும் மாத்தக் கூடாது," என்று மூவரும் சேர்ந்து சொன்னார்கள். சடையப்பன் மடியிலிருந்து அளவுக் கயிற்றை எடுத்தான். அப்பாவு ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைவாளின் தொந்தியைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்தான்.

"என்னய்யா இது, தவிலுக்கு எதுக்கு என்னை அளக்கறீங்க?" என்றார் பிள்ளைவாள், கூச்சத்தில் சிரித்துக்கொண்டே.

மயில்வாகனம் கயிற்றின் நீளத்தைப் பார்த்தான். கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தான். அப்புறம் அண்ணன் காதோரம் குனிந்து சொன்னான்.

"அண்ணே, இவரை வெச்சுக் கட்டினா எட்டு ஊருக்குக் கேக்கும்."