ஒரே வரியில் லட்சம் கட்டில்

மரியசூசை வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கணினி நிரல் எழுதப் படிக்க வந்தவர். அவருடைய குரு நப்பின்னைக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அண்ணாச்சி என்பாள். இதில் அவர்களுக்குக் கூச்சமில்லை, வேடிக்கை பார்க்கிற நமக்குத்தான்.

அவர் மனைவி ரோணிக்கம்மாள் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அந்த வார்டுக்குத்தான் மரியசூசை நிரல் எழுதினார். கட்டிலுக்கு ஒரு காலிப் பட்டியல். நர்ஸ் குறிப்பதெல்லாம் அதில் சேரும், அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். அன்று சாயங்காலமே நிரல் வார்டில் ஓடியாக வேண்டும்.

“ரெண்டு வழியையும் ஓடவிட்டுப் பாத்துட்டேன் டீச்சர். லூப் போட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனியாப் பட்டியல் செஞ்சா ஆமை வேகம். ஒரு காலிப் பட்டியலைக் கொடுத்து, வரிசை பூரா இதையே நிரப்புன்னு ஒரே வரி எழுதினேன் பாருங்க! கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள லட்சம் கட்டில்!”

“வார்டுல அவ்வளவா இருக்கு?”

“வேகம் தெரியணும்ல!”

நப்பின்னை அந்த ஒரு வரியைப் படித்தாள். பாராட்டவில்லை. மரியசூசைக்கு முகம் சுருங்கிவிட்டது.

“நாலாம் கட்டில்ல யாரு?”

“காலி.”

“அதுல ‘இறந்தார்’னு எழுதுங்க.”

“ஐயோ! பட்டப்பகல்ல என்ன பேச்சு டீச்சர் இது?”

“காலிக் கட்டில்தானே. எழுதுங்க.”

எழுதினார். நாலாம் கட்டிலில் ‘இறந்தார்’ என்று வந்தது. மூன்றிலும் வந்திருந்தது. ஐந்திலும். அவர் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். பன்னிரண்டாம் கட்டில், ரோணிக்கம்மாள், இறந்தார்.

கை நிற்கவில்லை. வார்டு முடிந்தது. ஆளே இல்லாத கட்டில்கள் வந்தன. ஆஸ்பத்திரியிலேயே இல்லாத கட்டில்கள் வந்தன. இறந்தார், இறந்தார் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

“யார் செத்தது டீச்சர்?”



 மரியசூசை போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

“ரோணி! நல்லாத்தானே இருக்க?”

“எனக்கென்ன? கண்ணசந்துட்டேன். இப்பதான் யாரோ பக்கத்துல வந்து படுத்த மாதிரி இருந்துச்சு, முழிச்சுக்கிட்டேன். திரும்பிப் பாத்தா யாருமில்ல.”

அவர் போனை வைத்தார். 

“டீச்சர், நான் செஞ்சது எத்தனை கட்டில்?”

“ஒண்ணுதான் அண்ணாச்சி. எல்லாரையும் அதுலதான் படுக்க வச்சிருக்கீங்க.”