ஓடைமேல் கட்டிய கோர்ட்டு

கதையைக் கேளுங்கள். பதிலை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

மேலவிளை, கீழவிளை இரண்டு ஊருக்கும் ஒரே குளம். மடையைத் திறந்தால் தண்ணீர் ஓடை வழியாகக் கீழவிளைக்குள்தான் இறங்கும். அதனால் கீழவிளை அம்மன் கோயில் மணி அடித்த பிறகுதான் மேலவிளைக்காரர்கள் மடைக்கதவில் கை வைப்பது வழக்கம். ஒரு வருஷம் மணிக்குக் காத்திராமல் திறந்துவிட்டார்கள். கீழவிளை நெல்லெல்லாம் அழுகிப்போனது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பு வரும்வரை மடை பூட்டிக் கிடக்கட்டும், சாவி கோர்ட்டில் இருக்கட்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

அந்தக் கோர்ட்டு இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அதைக் கட்ட வயலைக் கொடுக்க எவனுக்கும் மனசு வரவில்லை. ஓடை ஒதுங்கிப் போனதால் வறண்டு கிடந்த அதன் பழைய தடத்துப் புறம்போக்கிலேயே கட்டலாம் என்று கிராம சபையில் முதல் கையைத் தூக்கியவள் கீழவிளைத் தலைவி செல்லக்கனி. வெளியூரில் கோர்ட்டு அமீனாவாக இருந்த தம்பி பேச்சிமுத்து கண்ணெதிரே இருப்பானே என்று அவளுக்கு ஆசை. அவனும் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். மடைச் சாவி அவன் பொறுப்புக்கு வந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், விடவேயில்லை. குளத்துக்கரை கசிய ஆரம்பித்தது. உடைந்தால் இரண்டு ஊரும் மிஞ்சாது. நீதிபதி வெளியூரில், போனோ செத்துக் கிடந்தது. மேலவிளைத் தலைவர் மாடக்கண்ணு கடப்பாரையோடு மடையில் நின்றார்.

"தாயி, பூட்ட ஒடைக்க நான் தயார். ஆனா ஒங்க மணிச் சத்தம் கேக்காம இன்னொரு தரம் தொடமாட்டேன்" என்று கரையைப் பார்க்க வந்த செல்லக்கனியிடம் சொன்னார்.

செல்லக்கனி வீடு வீடாக ஓடி, ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினாள். பேச்சிமுத்து மட்டும் கோர்ட்டு வாசலைவிட்டு நகரவில்லை.

"சாவியக் குடுலே. இல்லன்னா நீயாவது வெளிய வாலே."

"ரெண்டும் முடியாதுக்கா. அய்யா உத்தரவு இல்லாம சாவி தரமாட்டேன். இங்க உள்ளதெல்லாம் என் பொறுப்பு, போட்டுட்டு எப்படி வர? காங்கிரீட்டுக் கட்டடம், இதுக்கு என்ன வந்துரும்?"

கையைப் பிடித்து இழுத்தாள். காலில் விழுந்தாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கரையில் மண் சரிகிற சத்தம் கேட்டது.

கோயிலுக்கு ஓடினாள். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என் ராசா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். பிறகு அடித்தாள்.

மாடக்கண்ணு பூட்டை உடைத்தார். கரை நின்றது, இரண்டு ஊரும் பிழைத்தன. ஓடை தன் பழைய வழியிலேயே வந்து கோர்ட்டைச் சாய்த்துவிட்டுப் போனது. பேச்சிமுத்துவை மறுநாள்தான் எடுத்தார்கள். சாவி இடுப்பிலேயே இருந்தது.

தம்பி உத்தரவைக் காத்தான். மாடக்கண்ணு அதை உடைத்தார். தம்பி உள்ளே இருப்பது தெரிந்தே அக்கா மணியடித்தாள். இப்போது சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி? பேச்சிமுத்துவின் சாவு யாரைச் சேரும்?

விடை: மணியடித்ததுதான் சரி. வயலைக் காக்கப் போட்ட உத்தரவுக்கு ஊரையே பலி கொடுக்க முடியாது. மணிக்குக் காத்து நின்ற மாடக்கண்ணு மீதும் குற்றமில்லை. சாவு யாரைச் சேரும் என்பதைச் செல்லக்கனியே சொல்லிவிட்டாள். விசாரணைக்கு வந்த தாசில்தார், "இதுக்கு யாரும்மா பொறுப்பு?" என்று கேட்டபோது அவள் மணியைப் பற்றிப் பேசவேயில்லை. கிராம சபையில் தூக்கியது போலவே கையைத் தூக்கினாள். அன்றைக்கு அவளோடு சேர்ந்து கை தூக்கிய ஊர் முழுக்கப் பின்னால்தான் நின்றது. ஒருத்தரும் தூக்கவில்லை.