சௌரிராஜன் பண்ணின சோள சால்சா

"அடுப்புக்கு முன்னாடி நிக்கறவன் தன் வாயை..." அப்படின்னு எங்க பெரிய மாமா ஆரம்பிப்பார். வாயைக் கட்டிக்கணும்னு முடிப்பாரா, வாசல்லயே விட்டுட்டு வரணும்னு முடிப்பாரா, பாதி மறந்துபோச்சுடி பட்டு. போறது. கதை ஞாபகம் இருக்கு, அது போதும். காலை உள்ள இழுத்துக்கோ. "ம்" சொல்லிண்டே வரணும், தெரிஞ்சுதா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு சின்னப் பெருமாள் கோவில். அந்தக் கோவில் மடப்பள்ளில ஒரு தளிகைக்காரர், சௌரிராஜன்னு பேர். தளிகைன்னா சமையல், பெருமாளுக்குப் பண்ற சமையல். வருஷம் பூரா அவரே பண்ணமாட்டார். மார்கழி மாசம் மட்டும் அவர் வீட்டு முறை, மத்த மாசமெல்லாம் வேற வேற வீட்டுக்காரா. முறை வந்துடுத்துன்னா வீட்டுக்கே வரப்படாது. மடப்பள்ளிலயே குளிச்சு, மடப்பள்ளிலயே படுத்து, மாசம் முடியற வரைக்கும் அங்கதான். அவர் தாத்தா பண்ணினார், அப்பா பண்ணினார், அப்புறம் இவர். ஒரு வருஷம் வரலைன்னா முறை பங்காளி வீட்டுக்குப் போயிடும். போனா போனதுதான். திரும்பாது.

அப்புறம் இன்னொண்ணு. பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி யாரும் எதையும் வாயில வைக்கப்படாது. அதனால அவர் ருசி பார்க்கவே மாட்டார். அப்போ உப்பு எப்படித் தெரியும்?

"எப்படி?"

ஆவிதான். பானை தளதளன்னு கொதிக்கறப்போ குனிவார். ஆவி குபுகுபுன்னு மூஞ்சில அடிக்கும். மூக்கை ஒரு இழு, ஸ்ஸ்ஸ்... "இன்னும் ஒரு கல்லு"ம்பார். போடுவார். அவ்ளோதான், சரியா இருக்கும். வீட்டுலயும் அதே வழக்கம். ஜன்மத்துல ஒரு தரம் கரண்டியை நக்கினதில்லை. வெங்காயம் அந்த வீட்டு வாசப்படி ஏறினதில்லை. முறைக்குப் போறவர் வாயில வெங்காயம் பட்டுடுத்துன்னா, அந்த வருஷம் மடப்பள்ளி அடுப்பைத் தொடவே கூடாது.

"ஊறுகாய்க்கும் மூக்குதானா?"

ஊறுகாய்க்கும் மூக்குதான். குறுக்க பேசாதே.

அவருக்கு ஒரே பொண்ணு, வேதவல்லி. அம்மா இல்லாத பொண்ணு. அப்பா கை சாதத்துலயே வளர்ந்து, படிச்சு, பட்டணத்துல ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலைக்குப் போனா. ஒரு நாள் வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா. அப்புறம் திரும்பப் போனா. அப்புறம் போயிண்டே இருந்தா. கடைசில ஊருக்கே வந்துட்டா. போறப்போ தன் பெட்டியைத் தானே தூக்கிண்டு போனவ, வரப்போ அவளைத் தூக்கிண்டு வரும்படி ஆயிடுத்து. டாக்டர் சௌரிராஜனைத் தனியாக் கூப்பிட்டு, "இனிமே மருந்து வேண்டாங்க. என்ன கேக்கறாங்களோ, ஆசைப்பட்டதைக் குடுங்க"ன்னார்.

"அப்போ உடம்பு சரியாயிடுத்தா?"

அவரும் அப்படித்தான் நினைச்சுண்டு பஸ் ஏறினார். பஸ் பாலத்தைத் தாண்டினப்புறம்தான் அவருக்குப் புரிஞ்சுது.

"என்ன புரிஞ்சுது?"

"ம்" மட்டும் சொல்லுடி.

"ம்."

வீட்டுக்கு வந்தாளே ஒழிய, எதுவும் உள்ள இறங்கலை. ரசஞ்சாதம் கரைச்சுக் குடுத்தா மூஞ்சியைத் திருப்பிண்டுடுவா. தயிர்சாதம் தொண்டையோட நின்னுடும். மருந்துல வெந்த நாக்கு, என்ன பண்ணும் பாவம்? கார்த்திகை மாசம் கடைசி ஆயிடுத்து. அப்போ ஒரு நாள் கார்த்தால, ஜன்னலைப் பார்த்துண்டு படுத்திருந்தவ, "அப்பா, எனக்கு சால்சா வேணும்"னா.

"என்ன சா?"ன்னார் அவர்.

"சால்சாப்பா. கார்ன் சால்சா. எங்க ஆபீஸுக்குக் கீழ ஒரு ரெஸ்டாரண்ட்ல குடுப்பா. சோளம்தான். ஜில்லுன்னு, புளிப்பா, சுருக்குன்னு இருக்கும். கடைசியா எனக்குப் பசிச்சது அங்க உக்காந்திருந்தப்போதான்."

பசி! அந்த வார்த்தை அவ வாயிலேர்ந்து வந்து எவ்வளவு நாளாச்சு! "சோளம்தானே, இதோ ஆச்சு"ன்னு துண்டை உதறிண்டு எழுந்துட்டார். அதுல என்னென்ன போடுவான்னு கேட்கவே இல்லை. தளிகைக்காரராச்சே, அவர் யாரைக் கேட்கணும்?

நேரா வயக்காட்டுக்குப் போனார். நாட்டு மக்காச்சோளம் ஒடிச்சுண்டு வந்தார். தோலை உரிச்சார், சரக் சரக். வெங்கலப் பானையில வேக வச்சார், கொடகொடகொட. குனிஞ்சார், ஸ்ஸ்ஸ், ஒரு கல்லு உப்பு. அப்புறம் கை சும்மா இருக்குமா? எண்ணெய் காய்ஞ்சுது, கடுகு படபட, கறிவேப்பிலை சடசட, மேல ஒரு பிடி தேங்காய்த் துருவல். கிண்ணத்துல கொண்டுபோய் நீட்டினார்.

வேதா எட்டிப் பார்த்தா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா.

"அப்பா, கொலுவே வைக்கலை, சுண்டல் மட்டும் வந்துடுத்தே!"

அப்பாவுக்காக ஒரு வாய் போட்டுண்டா. சோளம் கொட்டைப்பாக்கு மாதிரி இருந்துது. ஈறுல ரத்தம் கசிஞ்சுது. அவருக்குத் தெரியாம துடைச்சுண்டு, கிண்ணத்தைத் தள்ளி வச்சுட்டா.

"ம்..."

அப்போதான் அவர் கட்டில் ஓரத்துல உக்காந்து, "எப்படிப் பண்ணுவான்னு சொல்லும்மா"ன்னு கேட்டார்.

"ஸ்வீட் கார்ன்னு கேட்டு வாங்கணும்ப்பா, மஞ்சளா மெத்துன்னு இருக்கும். லேசா வெந்தா போதும், அப்புறம் ஆறணும். பெரிய மிளகாயை நெருப்புல கருகக் கருகச் சுட்டு, தோலை எடுத்துட்டு நறுக்கணும். காரத்துக்குப் பச்சை மிளகாய் கொஞ்சூண்டு. கொத்தமல்லி நிறைய. எலுமிச்சை பிழியணும். தாளிக்கவே கூடாது. தேங்காய் பக்கம் திரும்பவே கூடாது."

"அவ்ளோதானே?"

"வெங்காயம்"னா. குரல் இறங்கிடுத்து. "பச்சையா, பொடிசா நறுக்கினது. ஆனா அது இல்லாட்டாலும் பரவாயில்லைப்பா. உனக்கு முறை வரதே."

அப்புறம் அவர் டவுனுக்குப் போய் ஸ்வீட் கார்ன் வாங்கிண்டு வந்தார். பெரிய மிளகாய்க்கு எங்க போறது? பஜ்ஜி மிளகாய் வாங்கினார். நெருப்புல காட்டினார், சட் சட் புஸ்ஸுன்னு வெடிச்சுது, கரிக்கட்டையாட்டம் ஆச்சு. தோலை வழிச்சு எடுத்தார். மல்லி நறுக்கினார், எலுமிச்சை பிழிஞ்சார். வெங்காயத்துக்குப் பதிலா என்ன பண்ணினார் தெரியுமோ? பெருங்காயத்தைக் கரைச்சு விட்டார்! அவர் வீட்டுல அதுதான் வழி.

எல்லாத்தையும் கலந்துட்டு, உப்புப் பார்க்கக் குனிஞ்சார். மூக்கை இழுத்தார், ஸ்ஸ்ஸ். ஒண்ணும் வரலை. இன்னொரு தரம் இழுத்தார், ஸ்ஸ்ஸ்ஸ். ஊஹூம். ஆறிப்போன பண்டத்துல ஆவி ஏது? கொதிக்கறது பேசும், இது வாயே திறக்கலை. மொத தடவையா அவர் கைக்கு பயம் வந்துடுத்து. ஒரு சிட்டிகை போட்டார். போறுமா? இன்னொண்ணு. போறலையோ? இன்னும் கொஞ்சம்.

வேதா ஒரு ஸ்பூன் வாயில வச்சுண்டா. "நன்னா இருக்குப்பா"ன்னா. சொம்புத் தண்ணியை எடுத்து மடக்மடக்குன்னு குடிச்சா. இன்னொரு ஸ்பூன் எடுத்தா, கை பாதிலயே நின்னுது. கண்ணு ரெண்டும் ரொம்பிடுத்து.

"வேதா, நிஜத்தைச் சொல்லு."

"உப்புப்பா. எரியறது."

பெருமாள் அப்படிச் சொன்னதில்லை. கோவிலுக்கு வரவா ஒருத்தரும் சொன்னதில்லை. அவர் கிண்ணத்தை வாங்கிண்டு கொல்லைக்குப் போனார். வாழைமரத்தடில கொட்டினார்.

பட்டு? தூங்கிட்டியா?

"ம்... இல்லை."

அப்புறம் அந்த நாள் வந்துது. மறுநாள் மார்கழி பிறக்கறது, அன்னிக்கு சாயங்காலமே அவர் மடப்பள்ளிக்குப் போயாகணும். கார்த்தால தெருவுல காய்கறி வண்டி வந்துது. வண்டிக்காரி பேர் ஜெயசீலி. சௌரிராஜன் கிட்டக்க போய் நின்னு, மெதுவா, "வெங்காயம் குடு"ன்னார்.

"யாருக்கு சாமி, பெருமாளுக்கா? அவருக்குமா நாக்கு செத்துப்போச்சு?"ன்னு அவ சிரிச்சா.

"பொண்ணுக்கு."

ஜெயசீலி சிரிப்பு பட்டுன்னு நின்னுடுத்து. நல்லதாப் பொறுக்கி, முந்தானையில துடைச்சு, அவர் துண்டுல போட்டா. "மூடி எடுத்துட்டுப் போங்க சாமி, நாலு பேர் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்"னுட்டு அவர் அப்படியே கையில எடுத்துண்டு நடந்தார்.

உள்ள வந்ததும் சுவாமி அலமாரிக் கதவைச் சாத்தினார். வெங்காயத்தை எந்தப் பக்கம் வெட்டணும்னுகூட அவருக்குத் தெரியாது. வேதா கட்டில்லேர்ந்து, "தோலை உரிக்கணும்ப்பா, ரெண்டாப் பிளந்துக்கோ"ன்னு சொல்லிக் குடுத்தா. நறுக்கினார், டக் டக் டக். கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டித்து. நறுக்கி முடிச்சப்புறமும் கொட்டித்து. அவர் துடைச்சுக்கலை.

எல்லாத்தையும் கலந்தார். உப்புப் போட்டார். பழக்கம் விடுமா, குனிஞ்சு ஸ்ஸ்ஸுன்னு இழுத்தார். வெங்காய நெடிதான் ஏறித்து, உப்பு தெரியலை.

நிமிர்ந்தார். அவ நாக்கை நினைச்சுண்டார். கரண்டி நுனில ரெண்டு சோளம், ஒரு துணுக்கு வெங்காயம். வாயில வச்சார். நறுக். சுருக். உப்பு துளி கம்மி. ஒரு சிட்டிகை போட்டார். திரும்ப வாயில வச்சார். புளிப்பு போறலை. பிழிஞ்சார். திரும்ப வச்சார்.

"அப்பா! என்ன பண்றே?"

"உப்புப் பார்க்கறேன்."

அவளுக்குத் தெரியாதா என்ன அதுக்கு அர்த்தம்? அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துண்டுட்டா. அவர் கிண்ணத்தை எடுத்துண்டு போய்ப் பக்கத்துல உக்காந்து, தோளைத் தொட்டுத் திருப்பினார்.

ஒரு ஸ்பூன் சாப்பிட்டா. தண்ணி கேட்கலை. இன்னொரு ஸ்பூன். கண்ணை மூடிண்டு மெள்ள மெள்ள மென்னா. அப்புறம் அவளே கிண்ணத்தைக் கையில வாங்கிண்டா. பாதி ஆயிடுத்து, பட்டு! ரசஞ்சாதத்துல ஒரு பருக்கை இறங்காத பொண்ணு, பாதிக் கிண்ணம்!

"எப்படிடி? அந்த ரெஸ்டாரண்ட் மாதிரியே இருக்கா?"

"கிட்டக்க வந்துட்டேப்பா."

"கிட்டக்கன்னா?"

"மிளகாயை இன்னும் கருக்கணும். எலுமிச்சை இன்னும் கொஞ்சம் வேணும். நாளைக்குச் சரியா வந்துடும்."

சொல்லிட்டு, கிண்ணத்தைப் பிடிச்சபடியே தூங்கிப் போயிட்டா.

"ம்..."

சாயங்காலம் அவரோட தம்பி முகுந்தன் கூப்பிட வந்தார். உள்ள காலை வச்சதும் மூக்கைச் சுளிச்சார். அண்ணா மூஞ்சியைப் பார்த்தார். எல்லாம் தெரிஞ்சுபோச்சு.

"வாயைக் கொப்பளி. தலைக்குக் குளிச்சுட்டு வா. நான் எதையும் பார்க்கலை, எதையும் மோந்து பார்க்கலை."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கறேன். நீ வரலைன்னா முறை என் பிள்ளைக்கு வந்துடும் அண்ணா. அவன் பண்ற தளிகையைப் பார்த்தா பெருமாளே டிபன் கடை தேடிண்டு கிளம்பிடுவார். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

சௌரிராஜன் கொப்பளிக்கப் போகலை.

"என் ஆத்துக்காரி இங்க வந்து இருப்பா. வேளா வேளைக்குக் கஞ்சி குடுப்பா."

"கஞ்சி இறங்காதுடா அவளுக்கு."

"நீ அங்க பெருமாளைப் பார்த்துக்கோ, பெருமாள் இவளைப் பார்த்துப்பார். ஒரு மாசம்தானே?"

"ஒரு மாசம்"னு சௌரிராஜனும் சொன்னார். சொல்லிட்டு உள்ளப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நல்ல மனுஷன் அந்த முகுந்தன், அதுதான் கஷ்டம். கெட்டவர் சொன்னா உதறிட்டுப் போயிடலாம். கோவில்ல மணி அடிச்சுது, டாண், டாண், டாண். உள்ள வேதா தூக்கத்துல ஒரு தரம் இருமினா.

கதை இங்கயே படுத்துண்டுடுத்து, நீயும் படுத்துக்கோ. விளக்கை அணைச்சாச்சு, கண்ணை மூடு.

"ம்... அத்தை?"

என்னடி?

"அவர் கோவிலுக்குப் போனாரா?"

போகலை. தூங்கு.