ஊர் வாயிலிருந்து பாட்டை மீட்ட கதை

முன்னொரு காலத்தில், எல்லைச் சண்டைகள் ஓய்ந்து வாளுக்கு வேலையில்லாமல் போன ஒரு ராஜா பாட்டு எழுத உட்கார்ந்தார். 'வெண்மதியே, என் வாளொளி கண்டு நாணி மேகத்துள் ஒளிந்தாயோ' என்று தொடங்கிய அந்தப் பாட்டு சுமார்தான். ஆனால் மெட்டு அருமையாக அமைந்துவிட்டது. அரண்மனை மதிலைத் தாண்டி ஊருக்குள் ஓடியது. மீன் விற்பவர்கள் பாடினார்கள், துணி வெளுப்பவர்கள் பாடினார்கள்.

ஆஸ்தானப் புலவர் வித்தகச் சிங்கனாருக்கு வயிறு எரிந்தது. அவர் எழுதிய காவியத்தை அவர் மனைவிகூட முழுதாகக் கேட்டதில்லை.

“மன்னர் பெருமானே! கருவூலத்துப் பொன்னுக்குக் காவல் இருக்கிறது. தங்கள் பாட்டை மட்டும் கண்டவரும் எடுத்து ஆளலாமா?” என்றார்.

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. உடனே முரசு அறைந்தார்கள். புலவரின் முத்திரை பதித்த அனுமதி ஓலை இல்லாமல் எவரும் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது; பாடினாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. ஓலை கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. புலவர் வீட்டில் நெய்க்குடங்கள் நிறைந்தன.

கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருந்த சடைச்சிக்கு நெய்யும் இல்லை, ஓலையும் இல்லை. உலக்கை போடும் வேகத்தில் அவள் பாடினாள்:

“வெண்மதியே, என் வாசல் விளக்கில் எண்ணெய் இல்லை, மேகத்தை விட்டு வாயேன்!”

காவலர்கள் அவளை அப்படியே சபைக்கு இழுத்து வந்தார்கள். கைகளில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

“நம் பாட்டைத் திருடினாயா?” என்று உறுமினார் ராஜா.

“நான் எதையும் எடுத்துக்கிட்டுப் போகலையே சாமி! பாட்டு இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?”

சபை ஓரத்தில் நின்ற விகடகவி அம்பலத்தாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. இதற்காகவே காத்திருந்தவர்போல் புலவர் திரும்பினார்.

“மன்னா! இவள் ஒருத்தியைத் தண்டித்து என்ன பயன்? களவுபோன பாட்டு ஊரெல்லாம் கிடக்கிறது. அதை மீட்டு வரச் சாமர்த்தியசாலி ஒருவர் வேண்டும். நம் அம்பலத்தாடியாரைவிடச் சாமர்த்தியசாலி யார்?”

“நன்று!” என்றார் ராஜா. “அம்பலத்தாடி, ஊரார் வாயிலிருந்து என் பாட்டை முழுவதும் மீட்டுக் கொண்டு வா. தவறினால் நீயும் இவளும் கட்டிய துணியோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.”

அம்பலத்தாடியின் சிரிப்பு நின்றுபோயிற்று. சொன்ன சொல்லை மீட்டவர் யார் இருக்கிறார்கள்? சடைச்சி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது. அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

“ஒரே ஓர் ஐயம், அரசே. மீட்ட பொருளை நான் வைத்துக்கொண்டால் நானும் திருடனாவேன். எடுத்தவர்களே நேரில் வந்து தங்கள் செவியில் சேர்த்துவிடலாமா?”

“அப்படியே ஆகட்டும்.”

மறுநாள் விடிந்ததும் அரண்மனை வாசலில் ஊரே திரண்டு நின்றது. பாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் பாடித்தானே ஆக வேண்டும்? ஒவ்வொருவராகச் சபைக்குள் வந்து பாடினார்கள். வலைஞன் பாட்டில் நிலா, வலையில் சிக்காத வெள்ளி மீனாக நழுவியது. பிள்ளை பெற்றவள் பாட்டில் அது பால்கிண்ணமாயிற்று. அரண்மனைச் சமையற்காரர் வாள் இருந்த இடத்தில் தயங்காமல் கரண்டியை வைத்தார். ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“இவை மன்னரின் சொற்களே அல்ல!” என்று சீறினார் புலவர்.

“அப்படியானால் களவு இல்லை. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?” என்றான் அம்பலத்தாடி.

புலவர் தடுமாறினார். “இல்லை, இல்லை! ஒரு பாட்டிலிருந்து பிறந்தது எதுவாயினும், முதற்பாட்டுக்கு உரியவருக்கே சொந்தம்.”

கடைசியாகச் சடைச்சி பாடினாள். ராஜாவின் விரல்கள் தாமாகவே அரியணைக் கையில் தாளம் போட்டன. பாட்டு முடிந்தது, உணவு வேளை வந்தது. கை கழுவ எழுந்த ராஜா, தன்னை மறந்து முணுமுணுத்தார்: “என் வாசல் விளக்கில் எண்ணெய் இல்லை…”

அம்பலத்தாடி அவர் முன்னால் போய் நின்றான். பணிவாகக் கேட்டான்.

“அரசே, அனுமதி ஓலை இருக்கிறதா?”

ராஜா திரும்பினார்.

“என் பாட்டுக்கு எனக்கே ஓலையா?”

“வாள் தங்களுடையது. எண்ணெயில்லாத விளக்கு சடைச்சியுடையது, அரசே.”

“முதற்பாட்டு மன்னருடையது!” என்று குறுக்கே வந்தார் புலவர்.

“அப்படியா? புலவரே, நிலா நாணி மேகத்தில் ஒளிவதாக இதற்கு முன் எவரும் பாடியதில்லையோ?”

புலமையைச் சோதித்தால் சிங்கனாருக்குத் தாங்காது. “ஏன் இல்லை? பழம்பாடல்களில் எத்தனை இடத்தில் வருகிறது தெரியுமா?” என்று மடமடவென ஒப்பிக்கத் தொடங்கியவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

“அரசே,” என்றான் அம்பலத்தாடி மெல்ல, “புலவர் சொன்ன சட்டப்படி தங்கள் பாட்டு அந்தப் பழைய புலவர்களுக்குச் சொந்தம். அதை யார் போய் எங்கே திருப்பிக் கொடுப்பது? ஊரார் அனைவரும் பாட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் அது குறையவில்லை, தங்களிடம்தான் கூடியிருக்கிறது.”

ராஜா அவனையே வெறித்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அன்று மாலையே மறுபடியும் முரசு அறைந்தார்கள். யாரும் பாடலாம், யாரும் மாற்றலாம். யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தான் மாற்றியதைப் பிறர் மாற்றினால் தடுக்கக் கூடாது. அந்த முரசோடு தெருத்தெருவாகப் போய்ச் செய்தியை விளக்கும் பொறுப்பு புலவருக்குக் கிடைத்தது.

சில மாதம் கழித்து அண்டை நாட்டுத் தூதன் வந்தான். “அரசே, எங்கள் ஊரிலும் அந்த நிலாப் பாட்டுதான். முறைப்படி பெயரும் சொல்லியே பாடுகிறோம். கட்டியவள் சடைச்சி. அவளுக்கு முன் யாரோ ஒரு ராஜாவும் முயன்று பார்த்தாராம்.”

ராஜா அம்பலத்தாடியைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அவரை மீறிக்கொண்டு வந்தது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவி அவனுக்குப் போர்த்தினார்.

“என் பெயரைக் காணாமலடித்த கெட்டிக்காரா, வைத்துக்கொள்! இதை மட்டுமாவது யாருக்கும் பிய்த்துக் கொடுத்துவிடாதே!”